கம்பளித் தொப்பி

வெயிலுக்குப் பேர்போன திருகோணமலையில் இருந்துகொண்டு கம்பளித் தொப்பியைப் பற்றி எழுதுகிறாளே என்று சகோதரிகள் சிலர் சிரிக்கக்கூடும். நியாயந்தான். சித்திரை, வைகாசியில் எங்கள் ஜமாலியாப் பக்கத்தில் தலையில் முக்காடு போடுவதே பொறுமைக்கு ஒரு சோதனை. ஆனால் வாடை தொடங்கிய பிறகு, மார்கழி, தை மாதங்களில், நடுச்சாமத்தில் கொட்டியாரக் குடாவைத் தாண்டி வலை போடப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். மழையும் உப்புக் காற்றுமாகச் சேர்ந்து காதுக்குள் ஊசி குத்துவது போல் இருக்கும் என்பார்கள். தலையைச் சுற்றித் துவாயைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள்தாம் அதிகம். காதை மூடும் பின்னல் தொப்பி உள்ளவன் பாக்கியசாலி.

நான் சொல்லும் தொப்பி எளிமையிலும் எளிமையானது. விளிம்பு இல்லை, குஞ்சம் இல்லை, பூவேலை இல்லை. தலையோடு ஒட்டிக் கிடக்கும். கீழ்ப்பக்கத்தை இரண்டு விரற்கடை மேலே மடித்து விட்டால் நெற்றியோடு நிற்கும், குளிருக்கு இழுத்து விட்டால் காதை மூடும். கப்பற்காரர்கள் இரவுக் காவலில் அணிவதால் ஆங்கிலத்தில் இதற்கு வாட்ச் கெப் என்று பெயர்.

எங்கள் வீட்டுக்கு இது வந்த வழி துறைமுகத்து வழிதான். என் மூத்தாப்பா வெள்ளைக்காரன் காலத்தில் கடற்படை டொக்யாட்டில் கூலி வேலை செய்தவர். 1945-ல் யுத்தம் முடிந்து கப்பல்கள் ஊர் திரும்பத் தொடங்கியபோது, ஒரு மாலுமி தன் மூட்டையிலிருந்து ஒரு கருநீலத் தொப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனானாம். பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. அந்தத் தொப்பியின் உட்புறத்தில் கடைச் சீட்டு எதுவும் இருக்கவில்லை என்று உம்மா சொல்வார். இயந்திரத்தில் பின்னியதல்ல, கையால் பின்னியது. எங்கோ ஒரு குளிர் நாட்டில், நம்மைப் போல் ஒரு பெண், அடுப்பில் ஏதோ வெந்துகொண்டிருக்க, முகம் தெரியாத ஒருவனுக்காகப் பின்னி அனுப்பியது.

அந்தக் காலத்தில் அது பெரிய இயக்கமாகவே நடந்தது. முதலாம் உலக யுத்தத்திலும் இரண்டாம் உலக யுத்தத்திலும் இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியா எங்கும் பெண்கள் படை வீரர்களுக்கு மேசும், கழுத்துத் துண்டும், தொப்பியும் பின்னிக் குவித்தார்கள். 1914-ல் இங்கிலாந்தில் அரசி மேரியின் பேரில் ஒரு தையற் சங்கமே இயங்கியது. 1917-ல் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியதும் அங்கே செஞ்சிலுவைச் சங்கம் பின்னல் வழிமுறைகளை அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வகுப்பிலேயே பின்னினார்கள். பின்னத் தெரியாதவர்கள் பின்னியதும் போயிருக்கும். ஒரு காலுக்கு ஒரு அளவு, மறுகாலுக்கு வேறு அளவு என்று மேசு வாங்கிய சிப்பாய்களின் பகிடிகள் இன்றும் புத்தகங்களில் கிடக்கின்றன. முகமெல்லாம் மூடிக் கண் மட்டும் தெரியும் தொப்பிக்குப் பலாக்ளாவா என்று பெயர் வந்ததும் ஒரு யுத்தத்தால்தான். 1854-ல் கிரீமியாவில் பலாக்ளாவா என்ற இடத்தில் நடந்த சண்டை அது. அந்த யுத்தத்தில் துருக்கிய உதுமானியப் படையும் ஆங்கிலேயரும் ஒரே பக்கம் நின்று ரஷ்யாவை எதிர்த்தார்கள் என்பது நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி. நம் பக்கத்து நாட்டிலும் நடந்தது. 1962-ல் சீனாவோடு இமயமலையில் சண்டை மூண்டபோது இந்தியப் பெண்கள் கழுத்து நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள், கம்பளிச் சட்டையும் தொப்பியும் பின்னி அனுப்பினார்கள்.

திருகோணமலையில் யுத்தம் என்றால் என் மூத்தம்மா 1942 என்றே தொடங்குவார். அந்த ஆண்டு ஏப்ரல் 5-ம் திகதி, ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பான் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்து 9-ம் திகதி காலை எங்கள் துறைமுகத்திலும் டொக்யாட்டிலும் சீனக்குடா விமானத் தளத்திலும் குண்டு விழுந்தது. சீனக்குடாவில் எண்ணெய்த் தாங்கியொன்று பற்றி எரிந்த புகையைப் பற்றி மூத்தம்மா சொல்லும்போது கையை அகல விரிப்பார். முதல் நாள் இரவே எச்சரிக்கை கிடைத்துத் துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல், அன்று காலையே மட்டக்களப்புக்கு நேரே கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அதில் 307 பேர் மாண்டார்கள். நூற்றுக்கணக்கானவர்களை வீட்டா என்ற ஆஸ்பத்திரிக் கப்பல் மீட்டது. நிலாவெளி வீதியால் போகிறவர்கள் உப்புவெளியில் யுத்த மயானத்தைப் பார்த்திருப்பீர்கள். வரிசையாக வெள்ளைக் கற்கள். வயது இருபது, இருபத்தொன்று என்று வாசிக்கும்போது, இவர்களுக்கும் யாரோ ஒருத்தி தொப்பி பின்னியிருப்பாள் என்ற நினைவு எனக்கு வராமல் இருப்பதில்லை.

பின்னல் வேலையை வெள்ளைக்காரிகளின் வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உலகில் கிடைத்த மிகப் பழைய பின்னல் துணிகளில் முக்கியமானவை இஸ்லாமிய எகிப்தில் கிடைத்த பருத்தி மேசுகள். நீலமும் வெள்ளையுமாக, சிலவற்றில் கூஃபி எழுத்து வடிவங்களோடு பின்னப்பட்டவை. ஐரோப்பாவுக்கு இந்தக் கலை போனதில் ஸ்பெயின் முஸ்லிம்களுக்குப் பங்குண்டு. 1275-ல் இறந்த ஸ்பானிய இளவரசர் பெர்னாந்தோவின் கல்லறையில் வைக்கப்பட்டிருந்த பின்னல் தலையணையில், பரகத் என்ற பொருள் தரும் அரபுச் சொல் ஓரத்தைச் சுற்றிப் பின்னப்பட்டிருக்கிறது. கிறிஸ்தவ இளவரசனுக்கு முஸ்லிம் கைகள் பின்னியது! அரபியில் ஸூஃப் என்றால் கம்பளி. கம்பளி உடுத்த எளிய வாழ்க்கையால்தான் ஸூஃபி என்ற பெயரே வந்தது என்று பலரும் சொல்வார்கள். ஆண்களுக்குப் பட்டுத்தான் விலக்கு, கம்பளிக்கு விலக்கில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மூத்தாப்பாவின் தொப்பியைப் பார்த்து உம்மா சின்ன வயதிலேயே பின்னல் பழகினார். வாத்தியாரும் இல்லை, புத்தகமும் இல்லை. தொப்பியை மடியில் வைத்து, விரலால் கண்ணி எண்ணி, ஒன்று நேரே பின்னியதா மறுபக்கமாகப் பின்னியதா என்று தடவிப் பார்த்துப் பழகியதுதான். எனக்கும் சொல்லித் தந்தார். மூத்தாப்பா மௌத்தான பின் அந்தத் தொப்பி வாப்பாவுக்கு, வாப்பாவுக்குப் பின் என் தம்பிக்கு என்று கைமாறியது. தம்பி கடற்றொழில் செய்தான். 1990-ல் சண்டை மீண்டும் மூண்ட மாதங்களில் ஒரு நாள் இரவு கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. தோணியும் கிடைக்கவில்லை. யார், என்ன, ஏன் என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. போகும்போது அவன் தலையில் அந்தக் கருநீலத் தொப்பிதான் இருந்தது. அதன் பிறகு உம்மா குழந்தைக்குச் சட்டை பின்னியிருக்கிறார், பள்ளிக்கு வெள்ளைத் தொப்பி குரோஷாவில் போட்டுக் கொடுத்திருக்கிறார். அந்த மாதிரித் தொப்பியை மட்டும் அவர் கையால் தொட்டதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

நான் வாழ்க்கைப்பட்டது மூதூரில். 2006 ஆகஸ்ட் தொடக்கத்தில், மாவிலாறு அணைக்கதவுப் பிரச்சினையைத் தொடர்ந்து மூதூருக்குள் சண்டை வந்தபோது பல்லாயிரம் பேர் உடுத்த உடுப்போடு வெளியேறிக் கந்தளாய்க்குப் போனோம். நடந்தவர்களுக்குத்தான் அந்தத் தூரம் தெரியும். கந்தளாயில் நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சிங்கள வீடு. அந்த வீட்டு அம்மா இரண்டாம் நாள் வேலியைப் பிரித்துக் கிணற்றுக்கு வழி விட்டார். "நங்கி, பயப்பட வேணாம், வாங்க, குளிங்க" என்று அரைத் தமிழில் சொன்னார். நாலு நாள் கழித்து எனக்கு உடல் சுகமில்லாமல் போனபோது அவர்தான் தன் சேலையொன்றைத் தந்து, கொத்தமல்லி அவித்துத் தந்து, ஆஸ்பத்திரிக்கும் கூட வந்தார். அன்று அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்த சின்ன மகனுக்கு ஒன்பது வயது இருக்கும். என் பிள்ளைகளோடு பள்ளிக்கூட முற்றத்தில் கிரிக்கெட் விளையாடுவான். ஊர் திரும்பிய பிறகும் நாங்கள் தொடர்பை விடவில்லை. பெருநாளைக்கு நாங்கள் வட்டிலப்பம் அனுப்புவோம், சித்திரை வருடப் பிறப்புக்கு அங்கிருந்து கொக்கிசும் பணியாரமும் வரும். நான் அவரை அக்கா என்றுதான் சொல்வேன்.

2018-ல் ஒரு நாள் அக்கா தொலைபேசியில் அழைத்தார். அந்தச் சின்னவன் வளர்ந்து இராணுவத்தில் சேர்ந்திருந்தான் என்பது எனக்குத் தெரியும். இப்போது ஐ.நா. அமைதிப் படையோடு லெபனானுக்குப் போகிறானாம். 2010 முதல் இலங்கையிலிருந்து ஓர் அணி அங்கே அனுப்பப்பட்டு வந்தது. தென் லெபனானில், நாக்கூரா என்ற கடலோர ஊரில் உள்ள ஐ.நா. தலைமையகத்தைக் காவல் காப்பது அவர்கள் வேலை. "அங்க குளிர் காலம் ஒண்டு இருக்காம் நங்கி. ராவையில காவல். இவனுக்குச் சின்னதிலயிருந்தே காதுவலி. உங்கட கையால அந்தத் தொப்பி ஒண்டு..." என்று இழுத்தார். என் மகனுக்கு நான் ஒரு முறை பின்னிக் கொடுத்ததை அவர் பார்த்திருக்கிறார்.

சரி என்று சொல்லிவிட்டு வைத்தேன். உம்மா பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு எண்பது வயது.

"ஆருக்குப் புள்ள?"

சொன்னேன்.

"சோல்சருக்கா?"

அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. இரவு சோறு தின்னவும் வரவில்லை. அடுத்த நாள் சுபஹுக்குப் பிறகு தஸ்பீஹை உருட்டியபடியே, "துவக்கு வெச்சிருக்கிற எல்லாரும் எனக்கு ஒண்டுதான். எந்தச் சட்டையாயிருந்தாலும் ஒண்டுதான். என்ட புள்ள திரும்பி வரல்ல" என்றார்.

இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? தாயின் துக்கத்தோடு வாதாட நான் யார்? நம்மில் எத்தனையோ வீடுகளில் இதே துக்கம் இருக்கிறது. தமிழர் வீட்டிலும் இருக்கிறது, சிங்களவர் வீட்டிலும் இருக்கிறது. அதைக் கணக்குப் போட்டு எது பெரிது என்று அளப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதே நேரம், எல்லாவற்றையும் மறந்துவிடு என்று சொல்பவர்களையும் எனக்குப் பிடிப்பதில்லை. மறப்பது யாருக்குச் சுலபம்? இழக்காதவனுக்கு.

நான் யோசித்தது வேறொன்றை. நான் பின்னப் போவது ஒரு படைக்கு அல்ல. 2006-ல் எனக்கு வேலியைப் பிரித்துவிட்டவளின் மகனுடைய காதுக்கு. எங்கள் தெருவில் குர்ஆன் மத்ரஸா நடத்தும் மௌலவியிடம் என் மகன் கேட்டுப் பார்த்தான். ஸகாத் பணத்துக்கு மார்க்கம் எட்டுக் கூட்டத்தாரை வகுத்திருக்கிறது, அதிலிருந்து எடுத்து நம் இஷ்டத்துக்குக் கொடுக்க முடியாது. ஆனால் ஸதகாவும் அன்பளிப்பும் அப்படியல்ல, முஸ்லிம் அல்லாத அயலாருக்கும் தாராளமாகக் கொடுக்கலாம், அயலாரின் ஹக்கு பெரியது என்று அவர் சொல்லியனுப்பினார். நிய்யத் என்னவென்பது எனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் உள்ளது. உம்மாவிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டு நிற்கவில்லை. அவர் கண்ணில் படும்படியாகவும் பின்னவில்லை, ஒளித்தும் பின்னவில்லை. அஸருக்குப் பிறகு குசினிக்குப் பக்கத்து விறாந்தையில், எப்போதும் போல.

நூல் கிடைப்பதுதான் சிரமமாகப் போயிற்று. எங்கள் கடைத்தெருவில் வூல் என்று விற்பதெல்லாம் அக்ரிலிக். பார்வைக்குப் பளபளப்பு, விலையும் மலிவு, ஆனால் படையில் இருப்பவனுக்கு ஆகாது. நெருப்புப் பட்டால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கம்பளி உருகாது, நெருப்பை விலக்கினால் தானாகவே அணைந்துவிடும், நனைந்தாலும் ஓரளவு சூட்டைத் தாங்கும். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குத் தலைக்கவசத்தின் அடியில் போட வீட்டுப் பெண்கள் தொப்பி பின்னியபோது, முழுக் கம்பளியில்தான் பின்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டதும் இதனால்தான். கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். ஒரு சிறு துண்டு நூலைத் தீக்குச்சியில் காட்டுங்கள். கம்பளியென்றால் தலைமயிர் கருகிய மணம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் என்றால் உருகிக் கறுப்பு மணிபோல் இறுகிவிடும். சுடச்சுடத் தொட்டுவிடாதீர்கள், பிள்ளைகளை வைத்துக்கொண்டும் செய்ய வேண்டாம். கடைசியில் நுவரெலியாவில் வேலை செய்யும் என் மருமகன்தான் நூறு வீதம் கம்பளி என்று எழுதியிருந்த கருநீல நூல் வாங்கி வந்தார். ஒரு தொப்பிக்கு நூறு கிராம் போதும்.

கேட்பவர்களுக்காக முறையையும் சொல்லி விடுகிறேன். நடுத்தரத் தடிப்பு நூல், 4 மில்லிமீற்றர் ஊசி இரண்டு. வளர்ந்த ஆணின் தலைக்கு 96 கண்ணி. உங்கள் கை இறுக்கமானால் நூறு. நாலால் பிரிய வேண்டும் என்பதுதான் முக்கியம். இரண்டு நேர், இரண்டு மறு என்று முடிவுவரை ஒரே மாதிரிப் பின்னுங்கள். திரும்பி வரும் வரிசையில், முகம் காட்டும் கண்ணியைப் பார்த்து, நேராகத் தெரிவதை நேராகவும் மறுவாகத் தெரிவதை மறுவாகவும் பின்னினால் சரியாக வரும். இந்த வரிப் பின்னல்தான் தலைக்கேற்ப விரிந்து சுருங்கும். ஒன்பது அங்குலம் வந்ததும் குறைக்கத் தொடங்குங்கள். அதில் இரண்டரை அங்குலம் மடிப்புக்குப் போய்விடும். முதலில் மறுக்கண்ணி இரண்டிரண்டையும் ஒன்றாக்கினால் 72 வரும். மூன்று வரிசை அப்படியே போய், பிறகு நேர்க்கண்ணி இரண்டிரண்டையும் ஒன்றாக்கினால் 48. ஒரு வரிசை திரும்பி வந்து, எல்லாவற்றையும் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 24. நூலை ஒரு முழம் விட்டு வெட்டி, தையல் ஊசியில் கோத்து, அந்த 24 கண்ணிக்குள்ளும் விட்டு இழுத்து இறுக்கி, அதே நூலால் பின்பக்கத் தையலையும் போட்டு முடிக்க வேண்டும்.

எனக்கு உச்சியை மூடுவது எப்போதுமே முழு ஒழுங்காக வராது. நடுவில் சுண்டுவிரல் நுழையும் அளவு ஓட்டை நிற்கும், இல்லாவிட்டால் கொப்புளம் போல் புடைத்துக்கொள்ளும். அன்றும் 24 கண்ணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மஃரிபுக்குப் பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. உம்மா ஒழுச் செய்துவிட்டு வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நூல ரெண்டு தரம் ஓட்டணும். ஒரு தரம் ஓட்டினா நிக்காது."

நான் பேசாமல் இருந்தேன்.

"கொண்டா இஞ்ச."

பார்வை அவருக்கு அப்போதே மங்கல். கண்ணாடியும் போடவில்லை. விரலால் ஒவ்வொரு கண்ணியாகத் தடவித் தடவி, இரண்டு சுற்று ஓட்டி, இழுத்து, முடிச்சை உட்பக்கம் புதைத்தார். உச்சி தட்டையாக, ஓட்டையில்லாமல் மூடிக்கொண்டது. தொப்பியைத் திருப்பி வெளிப்பக்கத்தை ஒரு முறை தடவினார். முகத்தில் நான் எதையும் வாசிக்க முயலவில்லை. பாங்கு சொன்னார்கள், எழும்பிப் போய்விட்டார்.

அக்கா வந்து வாங்கிக்கொண்டு போனார். வாசலில் உம்மாவைக் கண்டதும் குனிந்து அவர் காலைத் தொடப் போனார். உம்மா பதறித் தோளைப் பிடித்துத் தூக்கி, அது நம்மிடம் வழக்கமில்லை என்று என்னிடம் சொல்லச் சொன்னார். பிறகு பிளேன்டீ போடச் சொன்னார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லை. ஆனாலும் ஒரு மணித்தியாலம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். "இவட மகனுக்கு எத்தின வயசு?" என்று உம்மா கேட்டார். இருபத்தொன்று என்றேன். தம்பி காணாமல் போனபோது அவனுக்கு இருபது.

அடுத்த ஜனவரியில் லெபனானிலிருந்து பையன் அக்காவின் தொலைபேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். பின்னால் கடல், மழை மேகம். தலையில் தொப்பி, காது மூடியிருந்தது. ஐ.நா.வின் நீலத் தொப்பி கடமை நேரத்துக்கு, இது இரவில் கூடாரத்தில் படுக்கவும் காவல் மாறி வரும்போதும் என்று எழுதியிருந்தான். கூட்டாளிகள் நாலு பேர் தங்களுக்கும் வேண்டுமென்று கேட்கிறார்களாம், நூலுக்குக் காசு அனுப்புகிறார்களாம். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மருமகன் மறுபடி நுவரெலியாவிலிருந்து நாலு பந்து கொண்டுவந்தார். நான் பின்னி 24 கண்ணி வரை கொண்டுவந்து கொடுக்க, நாலுக்கும் உச்சியை மூடியவர் உம்மாதான்.

கட்டி அனுப்பும் நாளில் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் புள்ளையளுக்குச் சிங்களத்தில எழுதி வை. பச்சத் தண்ணியில அலசி, பிழியாம, நிழல்ல பரப்பிக் காய வைக்கச் சொல்லு. சுடுதண்ணியில போட்டா, பொறந்த குழந்தைக்குத்தான் அளவாயிருக்கும்" என்றார்.

எழுதி வைத்தேன்.